கார்லாக்கை ரோல்பிளே சர்வருக்குக் கொண்டுவருவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பால்டர்ஸ் கேட் 3' கேமில் வரும் கார்லாக்கை டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் நடக்கும் ரோல்பிளேயில் (பலர் ஆளுக்கொரு கேரக்டராகப் பதிவு போட்டுக் கதை வளர்ப்பது) எழுத நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கதையின் முடிவு வரை எல்லாமே இங்கே உடைத்துச் சொல்லப்படுகிறது. இன்னும் ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

கார்லாக் யார்? கேம் ஆடாதவருக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கேமில் நம்மோடு சேர்ந்து வரும் தோழர்களில் ஒருத்தி. நரக ரத்தம் கலந்த டீஃப்ளிங் இனம்: சிவந்த தோல், வால், கொம்புகள் (ஒன்று உடைந்தது). பால்டர்ஸ் கேட் நகரத்தில் வளர்ந்தவள். கோர்டாஷ் என்பவனுக்கு மெய்க்காவலாக இருந்தாள். அவனோ நரகத்தின் முதல் அடுக்கான அவெர்னஸை ஆளும் ஜாரியலிடம் அவளைத் தள்ளிவிட்டான். அங்கே அவள் இதயத்தை எடுத்துவிட்டு நரக எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார்கள். 10 ஆண்டுகள் அங்கே போர். பிறகு தப்பி வந்தாள்.

அந்த எஞ்சின் அவெர்னஸுக்கு வெளியே ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அவள் யாரையும் தொட முடியாது, தொட்டால் சுடும். எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இத்தனைக்கும் ஆள் எப்போதும் குஷியாக இருக்கிறாள். ரோல்பிளேக்கு இவளை எல்லோரும் விரும்புவது இந்த முரணுக்காகத்தான். எழுத வரும்போது பெரும்பாலானவர்கள் முதலில் கழற்றிப் போடுவதும் இதையேதான்.

கார்லாக்கையே எழுதுவதா, அவளைப் போல ஓர் ஓசியை உருவாக்குவதா?

ஓசி என்றால் சொந்தமாக உருவாக்கிய கேரக்டர், இலவசம் அல்ல. சர்வரின் கதை பால்டர்ஸ் கேட் உலகத்திலேயே நடந்தால் கார்லாக்கையே எழுதுங்கள். உலகம் வேறு, உங்களுக்குப் பிடித்தது அவளுடைய நிலைமை மட்டும்தான் என்றால் ஓசி நல்லது. ஆனால் ஓசி என்று சொல்லிவிட்டுச் சிவப்புத் தோல், உடைந்த கொம்பு, கோடாலி, நெஞ்சில் எஞ்சின் எல்லாவற்றையும் வைத்துப் பெயரை மட்டும் மாற்றினால் சர்வரை மேற்பார்க்கும் மாடரேட்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அப்படி ஒளித்துக் கொண்டுவருவதைவிடக் கார்லாக் என்றே எழுதிக் கேட்பது மேல்.

நல்ல ஓசிக்கு ஒரு வழி உண்டு: காரணத்தை வைத்துக்கொண்டு கருவியை மாற்றுங்கள். 'நம்பியவன் விற்றான், விற்ற இடத்தில் உடம்பில் ஒன்றை வைத்தார்கள், அது மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது.' எஞ்சினுக்குப் பதிலாக உறைபனி இருக்கலாம், சத்தம் இருக்கலாம், பக்கத்தில் வருபவர்களுக்குத் தூக்கத்தை வரவழைக்கும் சாபம் இருக்கலாம்.

கதையின் எந்தக் கட்டத்துக் கார்லாக்கை எடுப்பது?

கேரக்டரை விவரித்து சர்வருக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். 'கேம் முழுக்க நடந்த கார்லாக்' என்று எழுதினால் பதில் சொன்னதாகாது, ஏனென்றால் நான்கு வெவ்வேறு பெண்கள் இருக்கிறார்கள்.

முதலாமவள், நரகத்திலிருந்து இப்போதுதான் விழுந்தவள். ஆற்றங்கரையில் தனியாக இருக்கிறாள், வில் என்ற வேட்டைக்காரன் அவள் தலைக்காக அலைகிறான். டிர் தேவனின் வீரர்கள் என்று சொல்லிக்கொண்டு ஜாரியலுக்கு வேலை செய்யும் கும்பல் ஒன்றும் பின்னால் வருகிறது. யாரையும் நம்பக் காரணம் இல்லாவிட்டாலும் நம்பத் துடிக்கிறாள்.

இரண்டாமவள், டாமன் என்ற டீஃப்ளிங் கொல்லன் நரக இரும்பை வைத்து எஞ்சினை ஒருமுறை சரிசெய்த பிறகு இருப்பவள். எஞ்சின் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் தொட முடியாது. இன்னொரு துண்டு இரும்பு கிடைத்தால் முடியலாம்.

மூன்றாமவள், லாஸ்ட் லைட் விடுதியில் இரண்டாம் முறை சரிசெய்த பிறகு. இப்போது அவளைக் கட்டியணைக்கலாம். ஆனால் இனி தன்னால் செய்ய ஒன்றுமில்லை, அவெர்னஸுக்குத் திரும்பாவிட்டால் சாவுதான் என்று டாமன் கையை விரிப்பதும் இங்கேதான்.

நான்காமவள், கதை முடிந்த பிறகு அவெர்னஸுக்குத் திரும்பிப் போனவள். முதலில் வந்த பதிப்பில் அவளுடைய முடிவு அரைகுறையாக இருந்ததென்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2023 ஆகஸ்ட் 31-இல் வந்த இரண்டாம் பேட்ச் (கேமுக்கான திருத்தம்) அதை விரித்தது. நவம்பர் 30-இல் வந்த ஐந்தாம் பேட்ச் ஆறு மாதத்துக்குப் பிறகான விருந்துக் காட்சியைச் சேர்த்தது. எஞ்சினைச் சரிசெய்யும் வழி பற்றிய துப்பு கிடைத்திருப்பதாக அவள் சொல்வது அந்தக் காட்சியில்தான்.

புதிதாக எழுதுபவர்கள் மூன்றாமவளைத்தான் எடுக்கிறார்கள், காதல் காட்சி எழுதத் தடை இல்லை என்பதற்காக. எங்கள் பரிந்துரை இரண்டாமவள். அவளுக்குத் தேட ஒரு பொருள் இருக்கிறது, அந்தத் தேடலில் மற்றவர்களை இழுத்துக்கொள்ளலாம், தொட முடியாத கஷ்டமும் அப்படியே இருக்கிறது. மூன்றாம் நிலைக்கு சர்வரில் எல்லோர் கண்முன்னும் போய்ச் சேரலாம். முதல் அணைப்பு ஏற்கெனவே திரைக்குப் பின்னால் முடிந்துவிட்டது என்றால் எழுத என்ன மிச்சம்?

கட்டத்தை முடிவு செய்தபின் அவளுக்கு அப்போது தெரியாதவற்றைத் தனியே எழுதி வையுங்கள். கோர்டாஷ் இப்போது எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறான் என்பது தொடக்கத்துக் கார்லாக்குக்குத் தெரியாது. கேம் ஆடிய உங்களுக்குத் தெரியும். அவள் வாயில் அது நழுவினால் அதுதான் மெட்டாகேமிங்.

வெப்பத்தை எப்படி எழுதுவது? எல்லாமே எரிந்துவிடும் அல்லவா?

எரியாது. கேமிலேயே அவள் உடை போட்டிருக்கிறாள், மரப்பிடி போட்ட ஆயுதம் பிடிக்கிறாள், முகாமில் கிளைவ் என்ற கரடிப் பொம்மை வைத்திருக்கிறாள். ஆகவே வெப்பம் எப்போதும் ஒரே அளவில் இல்லை, கோபத்திலும் உற்சாகத்திலும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வதுதான் எழுத வசதி. கேம் இதில் கறாராக இருக்கவில்லை. நீங்கள் இருந்தாக வேண்டும், ஏனென்றால் எதிரே இருப்பவர் கேட்பார்.

நான்கு படிகள் போதும். 0: அமைதி. உடையும் நாற்காலியும் தாங்கும், அடுத்தவர் தோல் தாங்காது. 1: உற்சாகம் அல்லது எரிச்சல். பக்கத்தில் அடுப்பு இருப்பதுபோல் தெரியும், காகிதம் ஓரம் பழுக்கும். 2: சண்டை. ஈரத்துணி ஆவியாகும், தோளில் தீ தெரியும். 3: வெறி. 5 அடிக்குள் யாரும் நிற்கக்கூடாது. ஏறுவது ஒரே பதிவில் நடக்கலாம். இறங்குவதற்கு ஒரு காட்சி ஆகட்டும்; ஆற்றில் இறங்கினால் சீக்கிரம்.

தவறு பெரும்பாலும் எங்கே நடக்கிறது என்பதை ஒரு பதிவிலேயே காட்டலாம். இது தவறு:

'கார்லாக் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். அவன் கை வெந்து, அவன் வலியில் அலறினான்.'

மற்றவரின் கேரக்டருக்குக் காயத்தையும் அலறலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அவர் பதில் போட இடமே இல்லை. சர்வர்களில் இதைக் காட்மாட் என்பார்கள். இப்படி மாற்றலாம்:

'கார்லாக் கையை நீட்டினாள். ஒரு முழ தூரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். உள்ளங்கைக்கு மேலே காற்று நெளிந்தது. "இரு, இரு. கயித்த நனைச்சுப் போடறேன். கயித்தப் பிடி சோல்ஜர், என்னைப் பிடிச்சிடாத."'

இப்போது எதிரே இருப்பவர் கயிற்றைப் பிடிக்கலாம், பிடிவாதமாக அவள் கையையே பிடித்துச் சுட்டுக்கொள்ளலாம், கயிறு எரிந்து அறுவதாகவும் எழுதலாம். தடையைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: குணப்படுத்தும் மந்திரம். 'க்யூர் வூண்ட்ஸ்' தொட்டுச் செய்வது. 'ஹீலிங் வேர்ட்' 60 அடி தூரத்திலிருந்து வார்த்தையால் செய்வது. கேமில் கார்லாக்குக்கு இரண்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்யும். எழுத்தில் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) எழுதுபவரிடம் முன்கூட்டியே பேசி, முதல் மந்திரம் வேலை செய்யும் ஆனால் கை சுடும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு காட்சியாகிவிடும்.

எங்கள் சர்வரில் டைஸ் உருட்டுகிறோம். கேரக்டர் ஷீட்டில் என்ன எண்கள் போடுவது?

கேமில் அவள் வரும் எண்கள்: வலிமை 17, சுறுசுறுப்பு 13, உடலுறுதி 15, அறிவு 8, விவேகம் 12, ஈர்ப்பு 10. இது டி&டி (கேமுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பின் 27 புள்ளி வாங்கும் முறைக்குச் சரியாகப் பொருந்துகிறது: 15, 13, 14, 8, 12, 10 வாங்கினால் முறையே 9, 5, 7, 0, 4, 2 புள்ளிகள், மொத்தம் 27. பிறகு வலிமைக்கு 2, உடலுறுதிக்கு 1 கூட்டல்.

சிக்கல் அந்தக் கூட்டலில்தான். அந்தப் பதிப்பின் 2014 விதிப்புத்தகப்படி டீஃப்ளிங்குக்கு ஈர்ப்பு 2, அறிவு 1 தான் கூடும். கேம் அதை எங்கே வேண்டுமானாலும் போட விடுகிறது. 2020-இல் வந்த டாஷா விதிநூலை உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஏற்றால் அங்கேயும் மாற்றிப் போடலாம். 2024 விதிகளில் கூட்டல் இனத்திலிருந்து பின்னணிக்குப் போய்விட்டது. எந்த விதி என்று டிஎம்மிடம் கேட்காமல் 17 போட்டு அனுப்பினால் ஷீட் திரும்பி வரும்.

முதல் லெவல் பார்பேரியனாக (வெறியோடு மோதும் போராளி வகை) மற்ற கணக்கு இது. எச்பி (உயிர்ப்புள்ளி) 12 + 2 = 14. கவசம் இல்லாத பாதுகாப்பு 10 + 1 + 2 = 13. கிரேட்ஆக்ஸ் தாக்குதலுக்கு டி20 (20 முகப் பகடை) + 5, சேதம் 1டி12 (ஒரு 12 முகப் பகடை) + 3, ரேஜ் என்ற வெறிநிலையில் இன்னும் 2. ரேஜ் ஒரு நீண்ட ஓய்வுக்கு 2 முறை. டீஃப்ளிங் என்பதால் தீச்சேதம் பாதி, இருட்டில் 60 அடி பார்வை. பின்னணி அவுட்லாண்டர், ஆகவே அத்லெட்டிக்ஸும் சர்வைவலும் வரும்.

எஞ்சினுக்குப் புத்தகத்தில் விதி கிடையாது. டிஎம் ஒப்புக்கொண்டால் மேலே சொன்ன படி 3-இல் மட்டும், அவளைத் தொடுபவருக்கு 1டி4 தீச்சேதம் என்று வையுங்கள். அதற்குமேல் வேண்டாம். முதல் லெவல் விசார்டின் எச்பி 6, கூடவே உடலுறுதிக் கூட்டல். இரண்டு அணைப்பில் ஆள் காலியாகலாம். எதிரிகளுக்கு மட்டும் சுடும், நண்பர்களுக்குச் சுடாது என்று கேட்காதீர்கள். அது இலவச ஆயுதம், எந்த டிஎம்மும் தரமாட்டார்.

கேமில் செய்ததெல்லாம் இங்கே ஏன் செய்ய முடியவில்லை?

கேம் 2014 விதிகளை எடுத்துத் தன் வசதிக்கு மாற்றியிருக்கிறது. கார்லாக்கைப் பெர்சர்க்கராக (பார்பேரியனின் ஓர் உட்பிரிவு) ஆடியவர்கள் எதிரியைத் தூக்கி இன்னொரு எதிரிமேல் எறிந்து பழகியிருப்பார்கள். அந்தப் போனஸ் ஆக்ஷன் (முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்) எறிதல் புத்தகத்தில் இல்லை. தள்ளிவிடுவது கேமில் போனஸ் ஆக்ஷன், 2014 புத்தகத்தில் ஒரு தாக்குதலைச் செலவழிக்க வேண்டும். மருந்து குடிப்பதும் அப்படியே: 2014-இல் முழு ஆக்ஷன், 2024-இல்தான் போனஸ் ஆக்ஷன். 2014 பெர்சர்க்கர் ஃப்ரென்ஸி என்ற கூடுதல் வெறியில் போனால் முடிவில் ஒரு படி களைப்பு ஏறும், கேமில் அது இல்லை. லெவலும் கேமில் 12-ஓடு நிற்கும், மேசையில் 20 வரை போகும்.

எங்கள் சர்வரின் உலகத்தில் அவெர்னஸே கிடையாது. என்ன செய்வது?

இரண்டு வழி. ஒன்று, அவள் வேறு உலகத்திலிருந்து வந்து விழுந்தவள். இதைத் தேர்ந்தெடுத்தால் நரக இரும்பு இங்கே கிடைக்காது. அதற்கு ஈடான பொருள் எது, யாரிடம் இருக்கிறது என்பதை மாடரேட்டரோடு பேசி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் செய்ய வேலை இல்லை. இன்னொன்று, அவளை இந்த உலகத்திலேயே பிறக்க வைப்பது. அப்போது ஜாரியலின் இடத்தில் யார், அவெர்னஸில் அவள் போரிட்ட இரத்தப் போரின் இடத்தில் எந்தப் போர் என்று மாற்றி எழுத வேண்டும். எதை மாற்றினாலும் மூன்று நிற்க வேண்டும்: நம்பியவன் விற்றான், எஞ்சின் அவள் கேட்டு வைத்ததல்ல, அந்த எஞ்சின் ஓட வேண்டுமானால் அவள் வெறுக்கும் இடத்துக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது போனால் மற்ற இரண்டும் வெறும் பழங்கதை.

தமிழில் எழுதும்போது அவள் எப்படிப் பேசுவாள்?

கேமுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை. ஆகவே அவள் குரலை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழிலும், அவள் பேச்சைப் பேச்சுத் தமிழிலும் எழுதுவது படிக்க வசதி.

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. தமிழில் முதல் வரியிலேயே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். கார்லாக் எல்லோரையும் 'நீ' என்பாள்: பிரபுவை, மந்திரவாதியை, வயதில் மூத்தவனை. மரியாதைக் குறைவினால் அல்ல, 10 ஆண்டு படையில் பக்கத்தில் நிற்பவனை அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். ஒரே ஒருவருக்கு மட்டும் 'நீங்க' வைத்துப் பாருங்கள். சாப்பாடு போடும் ஒரு கிழவிக்கு, அல்லது அவள் நிஜமாகவே பயப்படும் ஆளுக்கு. படிப்பவர்கள் உடனே கவனிப்பார்கள்.

கேமில் அவள் நம்மைக் கூப்பிடும் 'சோல்ஜர்' அப்படியே இருக்கட்டும். 'வீரரே' என்று மாற்றினால் சரித்திர நாடகம் ஆகிவிடும்.

நகரத்துத் தெருவில் வளர்ந்தவள் என்பதற்காகச் சிலர் மெட்ராஸ் பாஷையில் எழுதுகிறார்கள். உங்களுக்கு அது வீட்டுப் பேச்சாக இருந்தால் அருமையாக வரும். சினிமா பார்த்துக் கற்றதென்றால் மூன்றாவது பதிவிலேயே காமெடி டிராக் ஆகிவிடும், பிறகு அவள் அழும் காட்சியை யாரும் நம்பமாட்டார்கள்.

தமிழில் சூடும் குளிர்ச்சியும் பேச்சில் ஊறிக் கிடக்கின்றன: வயிறு எரியுது, நெஞ்சு கொதிக்குது, மனசு குளுந்துபோச்சு. அவள் விஷயத்தில் இவை நேர்ப்பொருளாகவும் ஆகின்றன. 'நெருப்புன்னா வாய் வெந்துடுமா?' என்று யாராவது சொன்னால் அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டலாம். ஆனால் காட்சிக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம். 'குளுந்துபோச்சு' மட்டும் இரண்டாம் முறை எஞ்சினைச் சரிசெய்யும் நாள்வரை பத்திரமாக இருக்கட்டும்.

கெட்ட வார்த்தை நிறையப் பேசுவாளே?

பேசுவாள், பெரும்பாலும் சந்தோஷத்தில். தமிழ் வசவுகளில் பாதி தாயையோ சாதியையோ உடல் குறையையோ இழுக்கும். அவை அவள் வாயில் வந்தால் ஆளே மாறிவிடுகிறாள், ஏனென்றால் அவள் கீழே இருப்பவனை மிதிப்பவள் அல்ல. வசவை மேல்நோக்கித் திருப்புங்கள்: ஜாரியல், கோர்டாஷ், எஞ்சின், விதி. 'நரகத்துக்குப் போ' என்று அவளிடம் யாராவது சொன்னால் 'போயிட்டு வந்துட்டேன், சாப்பாடு நல்லால்ல' என்று பதில் சொல்லலாம்.

டுப்பர்பாக்ஸில் எப்படி அமைப்பது? பதிவு ஏன் பாதியில் நிற்கிறது?

டுப்பர்பாக்ஸ் என்பது நீங்கள் எழுதுவதைக் கேரக்டர் பெயரிலும் படத்திலும் மறுபடி போடும் பாட் (தானியங்கி நிரல்). ரெஜிஸ்டர் கட்டளையில் பெயர், அடுத்து அடையாளக் குறி. குறி 'கா:' என்றால் அதை ஒட்டி ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்' என்ற சொல்லும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவாகாது. பிறகு 'கா:' என்று தொடங்கி எழுதினால் போதும். உங்கள் பதிவும் கார்லாக்கின் பதிவும் இரண்டுமே தெரிகின்றன என்றால், டுப்பர்பாக்ஸுக்கு அந்தச் சேனலில் செய்திகளை நீக்கும் அனுமதி இல்லை. எதுவுமே வரவில்லை என்றால் வெப்ஹுக் (வேறு பெயரில் செய்தி போடும் வசதி) அனுமதியைப் பாருங்கள். வழக்கமான எடிட் பொத்தானும் வராது, பதிவு இப்போது உங்கள் கணக்கில் இல்லை. திருத்தம் பாட் வழியாகத்தான்.

நீளத்துக்கு வருவோம். டிஸ்கார்டில் இலவசக் கணக்குக்கு ஒரு செய்திக்கு 2000 எழுத்து. ஆனால் அது எண்ணுவது நம் எழுத்தை அல்ல. 'கார்லாக்' நமக்கு 4 எழுத்து. டிஸ்கார்டுக்கு 8, ஏனென்றால் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஆகவே ஒரு பதிவில் 200 சொற்களுக்குச் சற்றே கூடவோ குறையவோதான் அடங்கும். ஆங்கில சர்வரில் 'குறைந்தது மூன்று பத்தி' என்று விதி இருந்து நீங்கள் தமிழில் எழுதினால் அது இரண்டு செய்தியாகப் பிரியும். வசனத்தின் நடுவில் வெட்டாமல் ஒரு செயல் முடியும் இடத்தில் வெட்டுங்கள்.

ஏற்கெனவே ஒரு கார்லாக் இருக்கிறாள். இரண்டு பேர் எழுதலாமா?

பெரும்பாலான சர்வர்களில் ஒரு கேனன் கேரக்டருக்கு (மூலக் கதையிலேயே உள்ள கேரக்டர்) ஒருவர்தான். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயர் கொடுங்கள். அதுவரை டாமனை எழுதுவதைப் பற்றி யோசியுங்கள். யாரும் கேட்பதில்லை, ஆனால் கார்லாக் எழுதுபவருக்கு அவன்தான் மிகவும் தேவைப்படுகிறான்.

படம்?

கேமில் நீங்களே எடுத்த ஸ்கிரீன்ஷாட் போதும். ரசிகர் வரைந்த படம் என்றால் வரைந்தவரிடம் அனுமதி கேட்டு, பெயரையும் போடுங்கள். டி&டி உரிமையுள்ள விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டின் ரசிகர் கொள்கை இலவசப் படைப்புகளுக்கானது. உள்ளே வரக் கட்டணம் வாங்கும் சர்வர் அதில் அடங்காது.

காதல் காட்சிகளுக்கு என்ன விதி?

கேமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. டிஸ்கார்டில் 13 வயதிலேயே கணக்குத் தொடங்கலாம், எதிரே யார் என்று தெரியாது. வயது சரிபார்த்த தனிச் சேனல் இல்லாத சர்வரில் கதவோடு காட்சியை முடித்துவிடுங்கள். கார்லாக்கிடம் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அவள் உடம்பில் அவள் சம்மதமில்லாமல் ஒன்றைச் செய்தார்கள். அறுவைக் காட்சியை யாராவது விரிவாக எழுதப் போனால் அதைப் படிக்க விரும்பாதவர்கள் இருப்பார்கள். எது வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று காட்சிக்கு முன்பே இரண்டு வரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவள் சாக வேண்டுமா?

கேம் மூன்று வழி தருகிறது: எரிந்து சாவது, அவெர்னஸுக்குத் திரும்புவது (தனியாகவோ துணையோடோ), மைண்ட் ஃப்ளேயராக (மூளை தின்னும் அரக்கன்) மாறுவது. சர்வரில் நான்காவதாக ஒன்று தானாக நடக்கும்: யாரோ ஒரு பெரிய மந்திரவாதி வந்து ஒரே பதிவில் சரிசெய்துவிடுவார். அன்போடுதான் செய்வார். அடுத்த வாரம் கார்லாக்குக்கு எழுத ஒன்றும் இருக்காது.

இதைத் தவிர்க்க விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேருங்கள்: 'எஞ்சினைக் குணப்படுத்துவது என் அனுமதியோடு மட்டும்.' கூடவே ஒரு கணக்கும் வையுங்கள். படி 3-ஐத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. 12 கோடு ஆனால் எஞ்சின் நிற்கும். ஒரு நரக இரும்புக்கு ஈடான பொருள் 3 கோடுகளை அழிக்கும், சர்வரின் கதையில் அது இரண்டு முறைதான் கிடைக்கும். எண்ணைக் கேரக்டர் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். 9-ஐத் தாண்டியதும் மற்றவர்கள் அவளைச் சண்டைக்குக் கூப்பிடத் தயங்கத் தொடங்குவார்கள், அவளோ கூப்பிடாமலே போவாள்.